துணைக்கருவி இல்லாத பெண் குரலுக்குக் கெல்டிக் சோகப் பாடல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் வழங்கிய பழைய பாடல்களில் பெரும்பாலானவை ஒற்றைக் குரலுக்கென்றே அமைந்தவை. அடுப்பின் அருகிலும் தொட்டிலின் பக்கத்திலும் இறந்தவரின் தலைமாட்டிலும் பாடப்பட்ட அவற்றுக்குப் பக்கவாத்தியம் என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. ஆகவே கிதாரோ பியானோவோ இல்லாமல் தனியாக நின்று பாட விரும்பும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான மரபு ஐரோப்பாவில் கிடைப்பது அரிது. ஆனால் இன்று 'கெல்டிக்' என்ற பெயரில் நம் காதுக்கு முதலில் வந்து சேர்வது இந்த மரபு அன்று. 1982-இல் அயர்லாந்தின் கிளானாட் இசைக்குழு ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகப் பாடிய முகப்புப் பாடல் பெரும் வெற்றி பெற்ற பிறகு, குரலின் மேல் குரலை அடுக்கி, எதிரொலியை நிறைத்து, அடியில் சிந்தசைசர் என்னும் மின்னணுக் கருவியை ஓடவிடும் பாணியே 'கெல்டிக் சோகம்' என்று பலருக்கும் பழகிவிட்டது. அது அழகான பாணிதான். ஆயினும் அதைக் கேட்டு மயங்கி, அதே பாட்டைத் தனிக்குரலில் பாட முயல்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கேட்பவரின் மனத்தைப் பிசைந்தது பாட்டா, அதைச் சுற்றி எழுப்பப்பட்ட ஒலியா என்பதைப் பிரித்தறிவதில்தான் தேர்வு தொடங்குகிறது.

மெட்டு தனியாக நிற்கிறதா?

பிடித்த பாட்டின் ஒரு சரணத்தை, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, எதிரொலிக்காத ஒரு சாதாரண அறையில், தாளம் தட்டாமல் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்க நிற்கும்போது அந்த இடைவெளியில் வேறேதோ ஒலிக்க வேண்டும் என்று உங்கள் காது எதிர்பார்த்தால், அந்த மெட்டு ஹார்மனியை, அதாவது உடன் ஒலிக்கும் பிற ஸ்வரங்களை, நம்பிக் கட்டப்பட்டது என்று பொருள், அதை விட்டுவிடலாம். இடைவெளியே பாட்டின் ஒரு பகுதிபோல் அமைந்துவிட்டால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் முதலில் நினைக்கும் 'டேனி பாய்' பாட்டு இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுவதில்லை. அதன் மெட்டு வட அயர்லாந்தில் சேகரிக்கப்பட்டு 1855-இல் அச்சானது என்றாலும், இன்று பாடப்படும் சொற்களை 1913-இல் வெளியிட்டவர் பிரெடெரிக் வெதர்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். மெட்டின் வீச்சு ஒரு ஸ்தாயியைத் தாண்டி வெகுதூரம் செல்கிறது. பின்பாதியில் உச்சத்துக்கு ஏறும் இடத்தைத் தாங்கிப் பிடிக்கக் கீழே கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) இருந்தால்தான் அந்த ஏற்றத்துக்கு முழு வலிமை கிடைக்கிறது. நல்ல குரல்வளம் உள்ளவர்கள் தனியாகவும் பாடிவிடுவார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தனிக்குரலில் நிற்கும் மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு ஸ்வரங்களுக்குள் அடங்குபவை, அல்லது டோரியன், மிக்ஸோலிடியன் முதலிய பழைய மோடுகளில் (ஸ்வர வரிசைகளில்) அமைந்தவை. கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: டோரியனில் வருபவை கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள், மிக்ஸோலிடியனில் வருபவை அரிகாம்போதியின் ஸ்வரங்கள், ஐந்து ஸ்வர மெட்டுகளில் பல மோகனத்தின் ஸ்வரங்களைக் கொண்டவை. ஸ்வரங்கள்தான் ஒன்றே தவிர, பாடும் முறை முற்றிலும் வேறு. இந்த மோடுகள் இரண்டிலும் மேல் ஷட்ஜத்துக்கு ஒட்டினாற்போல் நின்று அதை நோக்கி இழுக்கும் காகலி நிஷாதம் கிடையாது. இருப்பது கைசிகி நிஷாதம். அதனால் வரி முடியும்போது வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதி முழுமையாகக் கிடைப்பதில்லை. கேட்பவர் மனத்தில் பாட்டு முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தத் தீராமை ஒரு முக்கியமான காரணம்.

பாட்டுக்குள் பேசுபவர் யார்?

என் கருத்தில் மெட்டைவிட முக்கியமானது இதுதான். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் முதலிய கேலிக் மொழிகளில் பெண்களே இயற்றி, பெண்களே பாடிக் காத்துவந்த பாடல்கள் ஏராளமாக இருக்கும்போது, பொதுவான 'மூடுபனியும் கடலும்' வகைப் பாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெயர் தெரிந்த ஒரு பெண், தெரிந்த ஓர் ஊரில், தெரிந்த ஒரு துயரத்துக்காகப் பாடியது என்று தெரியவரும்போது பாடகியின் குரலே மாறிவிடுகிறது.

'ஆலென் டூயின்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ் தீவை அடுத்த ஸ்கால்பே தீவைச் சேர்ந்த அன்னா கேம்பெல் என்ற பெண்ணுக்கும் ஸ்டோர்னொவேயைச் சேர்ந்த கப்பல் தலைவர் ஆலன் மாரிசனுக்கும் திருமண ஒப்பந்தம் நிச்சயமாகியிருந்தது. 1788-இல் அதற்காக அவர் கடல்வழியே புறப்பட்டு வந்தபோது புயலில் சிக்கி மூழ்கிப்போனார். அவருக்காக அன்னா பாடிய புலம்பல் இது. அவளும் துயரம் தாளாமல் சில மாதங்களில் இறந்துபோனாள் என்று மரபு கூறுகிறது. கடலடித் தழையே தன் படுக்கையாகவும் கடல்நாய்களே காவலாகவும் அமையட்டும் என்று விரும்புபவள், பிறர் என்ன சொன்னாலும் மூழ்கிய உன் உடலின் குருதியை அள்ளிக் குடிப்பேன் என்று சொல்லும் இடத்தில் புதிதாகக் கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள்.

அந்த வரியை அருவருப்பு என்று எண்ணி நீக்கிவிட வேண்டாம். அது அன்னாவின் தனிக் கற்பனை அன்று. 1570-இல் ஸ்காட்லாந்தில் கிளென்ஸ்ட்ரேயின் கிரெகர் மக்கிரெகர் தலை துண்டிக்கப்பட்டு இறந்தபோது, அவருடைய மனைவி மரியன் கேம்பெல் பாடியதாக வழங்கும் 'கிரிகல் கிரீயெ' பாட்டிலும் இதே கூற்று வருகிறது. கருவாலிக் கட்டையின்மேல் அவர் தலையை வைத்துக் குருதியை மண்ணில் சிந்தினார்கள். என்னிடம் ஒரு கிண்ணம் இருந்திருந்தால் வேண்டுமளவு குடித்திருப்பேன் என்கிறாள் அவள். 1773-இல் அயர்லாந்தில் ஐலீன் டுவ் தன் கணவர் ஆர்ட் ஓ லியரிக்காகப் பாடிய புகழ்பெற்ற புலம்பலிலும், வழியும் குருதியைத் துடைக்காமல் உள்ளங்கைகளால் அள்ளிக் குடித்தேன் என்று அவள் சொல்வதைக் காணலாம். ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளியில், இரு நாடுகளில், பெண்கள் தம் துயரத்தின் எல்லையைச் சொல்லக் கையாண்ட மரபுத் தொடர் அது. இதைத் தெரிந்துகொண்டு பாடினால் அந்த வரியை மிகைப்படுத்தவும் தோன்றாது, தயங்கி முணுமுணுக்கவும் தோன்றாது.

'கிரிகல் கிரீயெ' பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது புலம்பல் மட்டுமன்று, தாலாட்டும்கூட. கணவரைக் கொன்றவர்களில் தன் தந்தையும் உறவினரும் இருக்க, மடியில் கிடக்கும் குழந்தையை ஆட்டியபடியே அவள் அந்தச் சொற்களைச் சொல்கிறாள். ஊரின் இளம்பெண்கள் எல்லாம் இன்றிரவு இனிதாக உறங்கும்போது நான் உன் கல்லறையின் விளிம்பில் இரு கைகளையும் அடித்துக்கொண்டிருப்பேன் என்ற வரியும் அதே மென்மையான ஆட்டத்தில்தான் வருகிறது. மெட்டு கடைசிவரை தாலாட்டாகவே இருக்க வேண்டும். குரலை உயர்த்திக் கதறினால் பாட்டு கெட்டுவிடும். வீச்சு குறைவு, சரணங்கள் குறுகியவை, பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. தனிக்குரலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

அயர்லாந்தின் 'டோனல் ஓக்' சற்றுப் பெரிய சவால். கைவிடப்பட்ட பெண்ணொருத்தி, வெள்ளிப் பாய்மரம் கொண்ட பொற்கப்பலையும் மீன்தோல் கையுறைகளையும் பறவைத்தோல் காலணிகளையும் தருவதாக வாக்களித்தவனிடம் கணக்குக் கேட்கிறாள். ஆட்டுப்பட்டியருகே காத்திருப்பேன் என்றாய். வந்து கூவிக் கூவி அழைத்தேன். கத்தும் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை என்கிறாள். கிழக்கையும் மேற்கையும் என்னிடமிருந்து பறித்தாய், இறைவனையும் பறித்துவிட்டாயோ என்று அஞ்சுகிறேன் என்று பாட்டு முடியும்போது அவையினர் அமைதியாகிவிடுவார்கள். சரணங்கள் மிகப் பல. வட்டாரத்துக்கு வட்டாரம் மெட்டும் வேறு. நான்கைந்து சரணங்களைத் தேர்ந்து பாடுவதே வழக்கம். எதை விட்டாலும் ஆட்டுப்பட்டிச் சரணத்தையும் இறுதிச் சரணத்தையும் விடாதீர்கள்.

இவ்வளவு கடுமை வேண்டாம் என்பவர்களுக்கு 'ஃபெர் அ வாட்டா' இருக்கிறது. லூயிஸ் தீவின் டோங் ஊரைச் சேர்ந்த ஜீன் பின்லேசன் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யூயிக் பகுதி மீனவர் டொனால்ட் மக்ரேயை எண்ணிப் பாடியது. உயரமான குன்றின் மேல் ஏறிப் படகு தெரிகிறதா என்று பார்ப்பதும், மற்றப் படகோட்டிகளிடம் விசாரிப்பதும், அவனிடம் மனத்தைக் கொடுத்தது அறியாமை என்று அவர்கள் சொல்வதுமாகப் பாட்டு நகர்கிறது. இருவரும் பின்னாளில் மணந்துகொண்டார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் பாட்டுக்குள் அது இன்னும் நடக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆண் பேசும் பாட்டை ஒரு பெண் பாடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐரிஷ் மரபில் பாட்டின் பால் மாற்றப்படாமலேயே ஆணும் பெண்ணும் இரண்டு வகையையும் பாடிவந்திருக்கிறார்கள். பாடப் போகிறீர்கள் என்றால் உள்ளபடியே பாடுங்கள். 'அவள்' என்பதை 'அவன்' என்று மாற்றினால் எதுகையும் பொருளும் ஒருங்கே குலையும்.

பெயரை நம்பிவிடாமல் பூர்வீகத்தைப் பாருங்கள்

கெல்டிக் தொகுப்புகளில் 'ஸ்கார்பரோ ஃபேர்' இடம்பெறுவது உண்டு. அது ஆங்கிலப் பாட்டு. மனித உருவெடுக்கும் கடல்நாயைப் பற்றிய 'சூல் ஸ்கெரி' கதைப்பாடல் ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளுடையது. அங்கே பழைய மொழி ஸ்காண்டிநேவியாவின் நார்ஸ் வழிவந்தது, கேலிக் அன்று. அதைப் பாடுவதில் தவறில்லை, ஆனால் கேலிக் பாட்டு என்று அறிமுகப்படுத்தக் கூடாது. கடல்மகளைப் பற்றியே பாட வேண்டுமானால் அயர்லாந்தின் டோனிகால் பகுதியின் 'அன் வாய்ஜன் வாரா' இருக்கிறது. தாயும் மகளும் பேசிக்கொள்வதுபோல் அமைந்த சிறிய பாட்டு அது. நிலத்தை விட்டுக் கடலுக்குத் திரும்பிய தாய் களைத்த குரலில் பேசுகிறாள்.

'ஷி மூவ்டு த்ரூ த ஃபேர்' என்ற பாட்டை முழுதும் பழம்பாடல் என்று கருதிவிட வேண்டாம். டோனிகாலில் கிடைத்த மெட்டுக்குப் பாட்ரிக் காலம் என்ற கவிஞர் சொற்களை அமைக்க, ஹெர்பர்ட் ஹியூஸ் 1909-இல் அதை வெளியிட்டார். கவிஞர் பாட்ரிக் காலம் 1972-இல் இறந்தார். எனவே ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும் நாடுகளில் அந்தச் சொற்களுக்கு இன்னும் உரிமை உண்டு. வீட்டில் பாடுவதற்கு இது தடையில்லை; ஒலிப்பதிவு செய்து வெளியிடுபவர்கள் கவனிக்க வேண்டும். மிக்ஸோலிடியன் மெட்டு எப்படி இருக்கும் என்று அறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஹெப்ரிடீஸ் பாடல்களை அச்சு நூலிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ஜரி கென்னடி பிரேசர் 1909 முதல் வெளியிட்ட தொகுதிகள் பியானோவுடன் கச்சேரி மேடைக்கெனச் செப்பனிடப்பட்டவை. பியானோவை நீக்கிவிட்டால் பழைய பாட்டு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மெட்டும் சொற்களும்கூடப் பல இடங்களில் மாறியிருக்கின்றன. எடின்பரோவில் 1951-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியினர் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்தவற்றில் பெரும்பகுதியை 'டோபர் அன் டூவல்கைஸ்' என்ற இணையக் காப்பகத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். அயர்லாந்துக்கு டப்ளினில் 1987-இல் நிறுவப்பட்ட ஐரிஷ் மரபிசைக் காப்பகமும், பிரான்சின் பிரிட்டனிப் பகுதிக்கு 1972-இல் தொடங்கிய தஸ்தும் காப்பகமும் உள்ளன.

மொழியை எப்படி அணுகுவது?

கெல்டிக் மொழிகள் ஆறு: ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஒரு கிளை, வேல்ஸின் வெல்ஷ், பிரிட்டனியின் பிரெட்டன், கார்ன்வாலின் கார்னிஷ் மற்றொரு கிளை. ஒரு கிளைப் பாட்டைக் கற்றதால் மறு கிளை எளிதாகிவிடாது. ஆகவே முதல் ஆண்டில் ஒரே மொழியோடு இருப்பது நல்லது.

முதல் அடிக்கு இருமொழிப் பாட்டு உதவும். 'ஷூல் அ ரூன்' பாட்டின் சரணங்கள் ஆங்கிலத்திலும் பல்லவி ஐரிஷிலும் உள்ளன. காதலன் படைவீரனாகப் பிரான்சுக்குப் போய்விட்டான். அவனுக்கு ஒரு வாள் வாங்க, தான் நூல் நூற்கும் கருவிகளை எல்லாம் விற்றுவிடுவேன் என்கிறாள் பெண். அயர்லாந்தில் போரை முடித்த 1691-இன் லிமெரிக் உடன்படிக்கைக்குப் பின் ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரான்சுக்குச் சென்ற பின்னணியில் வைத்தே இதைப் புரிந்துகொள்வது வழக்கம். ஒரே பல்லவியைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டால் பாட்டில் பாதி முடிந்துவிடும்.

வெல்ஷ் எழுத்தும் ஒலிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் தாளைப் பார்த்தே ஓரளவு சரியாகப் படித்துவிடலாம். 'சியோ கான்' தாலாட்டு அதற்கு ஏற்றது. ஐரிஷிலும் கேலிக்கிலும் தாளைப் பார்த்துப் படிப்பது ஆபத்து, அந்த மொழியை வீட்டில் பேசி வளர்ந்த ஒருவரின் பதிவை வரி வரியாகக் கேட்டே கற்க வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வது நினைவுக்கு உதவலாம், ஆனால் நம் எழுத்து அந்த மெல்லொலி வேறுபாடுகளைக் காட்டாது. பிரெட்டன் மொழியின் க்வெர்ஸ் என்னும் கதைப்புலம்பல்கள் அபாரமானவை, மிக நீளமானவையும்கூட. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுருதி

பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்த ஸ்வரத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு, நீங்கள் சாதாரணமாகப் பேசும் குரலுக்கு அருகில் பாட்டின் நடுப்பகுதி அமையும்படி சுருதியை வைத்துக்கொள்ளுங்கள். மரபுப் பாடகியர் பெரும்பாலும் பேசும் குரலிலேயே பாடுவார்கள். ஹெப்ரிடீஸின் பாரா தீவைச் சேர்ந்த புளோரா மக்னீல் பாடிய பதிவுகளைக் கேட்டால் அந்தத் தெளிவு விளங்கும். ஒலிப்பதிவில் கேட்ட உயர்ந்த சுருதியையே பிடித்துக்கொண்டு மெல்லிய தலைக்குரலில் பாடினால் ஒலி இனிமையாக இருக்கும், சொற்கள் கரைந்துவிடும்.

பயிற்சியின்போது சுருதிப்பெட்டியைப் பயன்படுத்தலாம். நம் நாட்டுச் சுருதிப்பெட்டியை இன்று அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பல பாடகியர் மேடையிலேயே பயன்படுத்துகிறார்கள். ஆனால் முழுத் தனிக்குரலே நோக்கம் என்றால் கடைசி வாரங்களில் அதை நிறுத்திவிட்டு, பாடி முடித்ததும் தொடங்கிய சுருதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் சற்றுக் கீழே இறங்கியிருப்பார்கள். எந்த வரியில் இறங்குகிறது என்று பதிவு செய்து கண்டுபிடியுங்கள். அநேகமாக அது மூச்சு போதாமல் முடியும் வரியாக இருக்கும்.

அணிகளைச் சேர்க்கும் முன்

ஷான் நோஸ் எனப்படும் ஐரிஷ் தனிப்பாடல் முறையில், மேற்கு அயர்லாந்தின் கொனமாராப் பாணி நுண்ணிய அணிகள் நிறைந்தது. டோனிகால் பாணி எளிமையானது. டோனிகாலிலிருந்து தொடங்குங்கள். கர்நாடக இசை பயின்ற குரலுக்கு இங்கே கூடுதல் கட்டுப்பாடு தேவை: கம்பிதம்போல் ஸ்வரத்தை அசைப்பது இந்த மரபில் இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் வழியில், பெரும்பாலும் அழுத்தமில்லாத அசைகளில், விரைந்து வந்து மறையும் சிறு சுழற்சிகளே இங்குள்ளவை. ஏற்ற இறக்கமாகக் குரலைப் பெருக்கிச் சுருக்கி நடிக்கும் வழக்கமும் இல்லை. ஒரே அளவான குரலில் செய்தியைச் சொல்லிக்கொண்டே போவதுதான் முறை. உணர்ச்சியைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறார்கள். கொனமாராவைச் சேர்ந்த ஜோ ஹீனி பாடிய 'மூன்று மரியாக்களின் புலம்பல்' பதிவைக் கேட்டுப் பாருங்கள். சிலுவையடியில் நிற்கும் தாயின் ஒப்பாரி அது. ஆயினும் எங்கும் அவர் குரல் உடைவதில்லை.

வரிசை

புதியவர் மூன்று பாடல்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு புலம்பல்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவதன் வலிமை குறைந்துவிடும். நடுவில் ஒரு தாலாட்டு வரட்டும். மாங்க்ஸ் மொழியில் சின்னஞ்சிறு செம்பறவையிடம் நேற்றிரவு எங்கே உறங்கினாய் என்று கேட்கும் தாலாட்டு அந்த இடத்துக்குப் பொருத்தமானது. கம்பளியை நனைத்துப் பலகையில் அடித்தபடி ஹெப்ரிடீஸ் பெண்கள் பாடிய வேலைப்பாடல்கள் துடிப்பானவை. ஆனால் ஒருத்தி பாட மற்றவர்கள் பல்லவியை வாங்கிப் பாடும் அமைப்பு அவற்றினுடையது; அவையோர் சேர்ந்து பாடுவார்கள் என்ற உறுதி இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன், யார் பாடியது, எந்த ஊர், யாருடைய பதிவிலிருந்து கற்றீர்கள் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். மொழி தெரியாத அவைக்குக் குருதி வரியையும் ஆட்டுப்பட்டி வரியையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஐரிஷ் பாடகர்களிடம், இறுதி வரியின் கடைசிச் சில சொற்களைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி முடிக்கும் வழக்கம் உண்டு. ஐரிஷ் பாட்டுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். ஸ்காட்டிஷ் கேலிக் பாட்டுகளைப் பாடியே முடியுங்கள்.